நீலம் குறைந்த பெட்டிகள்

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடியும்வரை பெய்த மழை விட்டிருந்தது. நாகமலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. ஆய்வகத்துக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியில் இருபத்தாறு. அந்த நேரத்தில்தான் அந்தப் பேராசிரியை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அண்ணே, வலது கண்ண மூடிக்கிட்டு இடது கண்ணால எண்ணுங்க" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, இதில் எத்தனை வரி நான் நேரில் பார்த்தது, எத்தனை வரி கேள்விப்பட்டது என்று விசாரிக்க ஆள் அனுப்புவார். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பின்னால் அவரை 'போலீஸ்' என்றார்கள். நான் முன்னாலும் பின்னாலும் 'மேடம்' என்றுதான் சொன்னேன். அவருடைய உயிரியல் ஆய்வகத்தில் நான் உதவியாளன். என் வேலை எண்ணுவது. மைக்ரோஸ்கோப்பில் தெரியும் செல்களை எண்ணி நோட்டில் எழுதுவது. வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது ஒற்றைக் குழாய் மைக்ரோஸ்கோப். வலது கண்ணை வைத்துக்கொண்டு இடது கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு இரட்டைக் குழாய் வந்தது. அதிலும் கட்டம் போட்ட கண்ணாடி வலது குழாயில்தான் இருந்தது. அதனால் பழக்கம் மாறவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்தார்கள். அவர்தான் பேசி என்னை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளச் செய்தார். மாதம் பன்னிரண்டாயிரம், ஒவ்வொரு ஜூன் முப்பதிலும் புதுப்பிக்க வேண்டும். என் மேல் இருந்த நம்பிக்கையால் செய்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் சொன்ன காரணம் வேறு.

"புதுசா ஒரு ஆளு வந்தா, சந்தேகப்பட்டு முடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்ணே. உங்களச் சந்தேகப்பட்டு முடிச்சாச்சு."

அவரிடம் எதைச் சொன்னாலும் திரும்பி வருவது ஒரே கேள்வி: "யாரு பாத்தா?" மழை வருகிறது என்றால், யாரு பாத்தா? மீன் அறையில் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி என்றால், யாரு பாத்தா? ஒரு முறை துணைவேந்தர் ஊரில் இல்லை என்று எழுத்தர் சொன்னதற்கும் அதையே கேட்டு, நிர்வாகக் கட்டடம்வரை வெயிலில் நடந்து போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு வந்தார். கோபமாகக் கேட்கமாட்டார். கடைக்காரரிடம் இட்லி சூடாக இருக்கிறதா என்று கேட்பதுபோல இருக்கும். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம்.

அவர் சௌராஷ்டிரக் குடும்பம். கே.கே. நகரில் தாயாரோடு இருந்தார். பகல் ஒன்று பத்துக்குத் தாயாருக்கு வீடியோவில் பேசுவார், அவர்கள் பாஷையில். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. பேசும்போது கண் மட்டும் என் மேஜைப் பக்கம் போய்வரும். என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நான்கு வருஷம் நினைத்தேன். ஒரு வாரத்தில் எத்தனை முறை என் பக்கம் பார்த்தார் என்று குறித்துக்கூட வைத்தேன், பதினேழு. கடைசியில் முருகேசன்தான் அவரிடமே கேட்டுவிட்டு வந்து சொன்னான். தாயார் மதிய மாத்திரை போட்டாரா என்று கேட்கிறாராம். போட்டாச்சு என்றால், காலியான மாத்திரை அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்கிறாராம். என் மேஜைக்கு மேலே சுவர்க் கடிகாரம் இருந்தது.

"பெத்த தாயையே நம்பல, மாமா. நம்மள எப்புடி நம்பும் அந்தம்மா?" என்றான்.

முருகேசன் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவன். அலங்காநல்லூர்ப் பக்கம், என் ஊருக்கு அடுத்த ஊர். ஊர் முறையில் என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன். முப்பத்திரண்டு வயது, மனைவி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை உண்டு என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த நவம்பரில் உதவித்தொகை முடியப் பதினான்கு மாதம் இருந்தது. அவன் பிழைப்பு முழுக்க என் எண்ணிக்கையின் மேல் நின்றது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆராய்ச்சி சுண்டுவிரல் நீளமுள்ள வரிமீனில். நாற்பத்தெட்டுத் தொட்டிகள். அந்த மீனின் வால் துடுப்பில் ஒரு ஓரத்தை வெட்டினால் மாதத்துக்குள் மறுபடி வளர்ந்துவிடும். வளர்த்துக் கொடுப்பது யார் என்பதே கேள்வி. தோல் செல்லா, எலும்பு செல்லா, நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்லா? வெட்டுப்பட்ட இடத்தில் மூன்றும் வந்து குவியும்போது பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் அடையாளம் வைப்பார்கள். ஜெல்லி மீனின் உடம்பில் பச்சையாக ஒளிர்கிற ஒரு பொருள் உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவை எடுத்து வரிமீனின் தோல் செல்களில் மட்டும் வேலை செய்யும்படி முட்டையிலேயே வைத்துவிடுவார்கள். பவள இனத்திலிருந்து எடுத்த சிவப்பு எலும்பு செல்லுக்கு. அந்தப் பச்சையைத் திருத்திச் செய்த நீலம் நரம்புப் போர்வை செல்லுக்கு. ஒரு செல் இரண்டானால் இரண்டுக்கும் தாயின் நிறம். எத்தனை தலைமுறை போனாலும் நிறம் மாறாது. குறிப்பிட்ட விளக்கைப் போட்டால் குறிப்பிட்ட குடும்பம் மட்டும் இருட்டில் மின்னும்.

"ரேஷன் கார்டு மாதிரி மேடம். எங்க போனாலும் எந்தக் குடும்பம்னு காட்டிரும்" என்றான் முருகேசன், சேர்ந்த புதிதில்.

"போலி ரேஷன் கார்டு நீ பாத்ததில்லயா?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு மறு வருஷம் புரிந்தது. ஒரு நாள் முருகேசன் இருட்டறையிலிருந்து ஓடி வந்தான். ஸ்லைடில் மஞ்சள் செல் தெரிகிறது. பச்சையும் சிவப்பும் ஒரே செல்லில் இருந்தால்தான் மஞ்சள் தெரியும். அதாவது தோல் குடும்பமும் எலும்புக் குடும்பமும் ஒன்றாகிவிட்ட புது வகைச் செல். உலகத்தில் யாரும் பார்க்காதது. நானும் பார்த்தேன், மஞ்சளேதான். இருபத்திரண்டு எண்ணினேன். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "இன்னும் மெலிசா வெட்டு" என்றார். மெலிசாக வெட்டினான். பதினாறு. "இன்னும்." ஒன்பது. பதினொரு நாள் வெட்டினான். கடைசியில் ஒன்றுமில்லை. ஒரு பச்சைச் செல் மேலே, ஒரு சிவப்புச் செல் கீழே. தடிமனான துண்டில் ஒன்றன் வழியாக இன்னொன்று தெரிந்ததால் வந்த மஞ்சள். முருகேசன் இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. அவர் வழக்கம்போல ஒன்று பத்துக்குத் தாயாரோடு பேசினார்.

என்னையும் விடவில்லை. ஸ்லைடுகளுக்கு அவரே ரகசிய எண் ஒட்டுவார். எது எந்த மீன், எந்தத் தொட்டி என்பது எனக்கும் தெரியாது, முருகேசனுக்கும் தெரியாது. பட்டியல் நூலகரிடம் ஒட்டி மூடிய உறையில் இருக்கும். போதாததற்கு ஒரே ஸ்லைடை இரண்டு மூன்று வேறு எண்களோடு நடுநடுவே செருகுவார், நான் ஒழுங்காக எண்ணுகிறேனா என்று பார்க்க. ஒரு முறை கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, ஒரே ஸ்லைட மூணு தடவ குடுத்தேன். மூணு தடவையும் எரநூத்திப் பன்னெண்டு எழுதிருக்கீங்க."

"சரியாத்தானே மேடம் இருக்கு?"

"அதான் சந்தேகமா இருக்கு. மனுசன் எண்ணுனா எரநூத்திப் பன்னெண்டு வரும், எரநூத்தி ஒம்பது வரும், எரநூத்திப் பதினாலு வரும். மூணும் ஒண்ணாவா வரும்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த ஸ்லைடின் மூலையில் தலைமுடி போல ஒரு கீறல் இருந்தது. இரண்டாம் முறை வந்தபோதே அடையாளம் தெரிந்து, எண்ணாமல் பழைய எண்ணையே எழுதிவிட்டேன். ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. மறுநாளிலிருந்து எல்லா ஸ்லைடிலும் ஊசியால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரோடு இருந்ததில் எனக்கும் அந்த நோய் தொற்றியது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ச் சல்லிக்கட்டுப் பார்த்துவிட்டு வந்து, "நான் இருந்த மூணு மணி நேரத்துல நூத்தி எழுபத்தொரு மாடு அவுத்தாங்க மேடம். மைக்குல எரநூறுன்னாங்க" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் ஆறு முறை. அதில் அது ஒன்று.

இனி பெட்டிகள். மரப்பெட்டிகள் மூன்று. துடுப்பை வெட்டி மூன்றாம் நாள் எடுத்த ஸ்லைடுகள் முதல் பெட்டி. அதை 2017இல் எண்ணினேன். பதினான்காம் நாள் எடுத்தவை இரண்டாம் பெட்டி, 2018இல். முப்பதாம் நாள் எடுத்தவை மூன்றாம் பெட்டி, 2019இல் எண்ணிக்கொண்டிருந்தேன். பச்சையும் சிவப்பும் மூன்று பெட்டியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நீலம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முதல் பெட்டியில் ஸ்லைடுக்கு சுமார் நாற்பத்தைந்து. இரண்டாம் பெட்டியில் முப்பது. மூன்றாவதில் இருபதைத் தாண்டவில்லை.

அதிலிருந்து ஒரு கதை வந்தது. நல்ல கதை. நீலக் குடும்பம் முதல் வாரம் வந்து வேலையைத் தொடங்கி வைக்கிறது, பிறகு மெல்ல விலகிக்கொள்கிறது. முதல் இரண்டு பெட்டிகளை வைத்து வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. முருகேசன் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தான். அவர் மட்டும் பாதியை எடுத்துக்கொண்டு, "மிச்சம் மூணாவது பெட்டிக்கு அப்பறம்" என்று மீதியைக் காகிதத்தோடு திருப்பிக் கொடுத்தார். முருகேசனின் ஆய்வேட்டுக்குத் தலைப்பே அந்த நீலம்தான்.

ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 2017 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். சும்மாதான் போனேன். வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, இடது பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒரு முறை. கண் போன ஆளுக்கு எண்ணும் வேலையை யார் புதுப்பிப்பார்கள்? மனைவி போன பிறகு அந்த இருட்டறையும், கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் எண் பெட்டியின் டிக் டிக் சத்தமும்தான் எனக்குப் பகல் பொழுது. அதோடு, எழுத்துப் படிக்க முடிந்தது, பஸ் எண் தெரிந்தது, பச்சையும் சிவப்பும் முன்போலவே மின்னின. நீலம் குறைவாகத் தெரிந்தது. அது முருகேசனின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். முழுக்க அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது என்னையே கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் முதல் வாரம் அவர் முதல் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்லைடை எடுத்து, புது எண் ஒட்டி, மூன்றாம் பெட்டிக்குள் செருகினார். 2017இல் அதில் நான் எழுதிய நீலம் நாற்பத்தாறு. இப்போது பத்தொன்பது எழுதினேன். இரண்டு எண்ணையும் எங்கள் முன்னால் வைத்தார்.

முருகேசன் உடனே சொன்னான்: "ரெண்டு வருசப் பழைய ஸ்லைடு மேடம். நீலம் வெளுத்துருக்கும்."

"ஆமா மேடம், வெளுத்துரும்" என்றேன் நானும். அந்த ஒளி நாளானால் மங்கும் என்பது உண்மைதான்.

"யாரு பாத்தா?" என்றார்.

அவரே இருட்டறைக்குள் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தார். நாற்பத்தைந்து என்றார்.

அடுத்த மூன்று நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் முருகேசனுக்காக நீலத்தைக் குறைத்து எழுதுகிறேன் என்று சந்தேகப்படுகிறார். ஊர்க்காரன், மாமா முறை, கைக்குழந்தைக்காரன். நூலகரிடம் போய் உறைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். (இது நான் நேரில் பார்க்கவில்லை.) ஒரு நாள் தேநீர் வேளையில் நேராகவே கேட்டார்.

"முருகேசன் உங்களுக்கு என்ன வேணும்ணே?"

"அடுத்த ஊரு மேடம். ரத்த சம்பந்தம் இல்ல."

"ம்."

அந்த 'ம்' என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன்: அவர் என் நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். நான் பேப்பர் படிக்கும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புகிறேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எந்தக் கண் அருகில் போகிறது.

செவ்வாய்க்கிழமை வந்தது. இடது கண்ணால் எண்ணச் சொன்னார். அதே பழைய ஸ்லைடு. இடது கண்ணை வைத்தேன். இருட்டுக்குள் நீலம் அங்கங்கே இல்லை, எங்கும் இருந்தது. கட்டைவிரல் எண் பெட்டியை அழுத்திக்கொண்டே போனது. நாற்பத்து நான்கு.

"இப்ப வலது."

பதினெட்டு.

அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். முருகேசனைக் கூப்பிட்டார். அவன் கண்ணால் எண்ணச் சொன்னார். அவனுக்கு இரண்டு கண்ணிலும் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. பிறகு மேஜையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் மூன்று பெட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்குக் கீழும் நான் எண்ணிய வருஷத்தை எழுதினார். அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை.

"பெட்டிக்குள்ள ஸ்லைடச் சீட்டு மாதிரி கலைச்சேன். பெட்டிய வருச வரிசையா எண்ண விட்டுட்டேன்" என்றார். "அண்ணன் கண்ணு வருசா வருசம் மங்கிருக்கு. நீலமும் வருசா வருசம் கொறஞ்சிருக்கு. மூணு பெட்டியையும் ஒண்ணா கொட்டிக் கலைச்சிருந்தா இது வந்தே இருக்காது. எல்லாரையும் சந்தேகப்பட்டேன். காலண்டரச் சந்தேகப்படல."

புரை விழுந்த கண்ணில் லென்ஸ் பழுப்பாகிவிடும், பழுப்புக் கண்ணாடி வழியாக மற்ற நிறங்கள் வரும், நீலம் வராது என்று முருகேசனுக்கு விளக்கினார். அவன் அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

"மேடம், கட்டுரை வந்துருச்சு மேடம்."

"திருப்பி வாங்கிக்கிறேன்னு எழுதணும்."

"நீலம் நெசமாவே கொறஞ்சிருக்கலாம்ல? கண்ணும் மங்கிருக்கலாம், அதுவும் கொறஞ்சிருக்கலாம்ல?"

"இருக்கலாம். யாரு பாத்தா?"

முருகேசன் என் பக்கம் திரும்பினான். "மாமா, எம்புட்டு நாளா இப்புடி? உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"இன்னிக்குத்தான்யா தெரியும்" என்றேன். குரல் ஒழுங்காக வந்தது. நானே ஆச்சரியப்பட்டேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அன்று மாலையே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எண்ணியவரின் கண்ணில் குறை இருந்ததையும், பெட்டிகளை வருஷ வரிசையில் எண்ணவிட்டது தன் தவறு என்பதையும், எண்ணியவருக்குத் தன் குறை தெரிந்திருக்கவில்லை என்பதையும் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக முடித்திருந்தார். எனக்குக் காட்டினார். மற்றவர்கள் சொன்ன எதையும் பார்க்காமல் எழுதாதவர், நான் சொன்ன பொய்யைப் பார்க்காமல் எழுதியிருந்தார். பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் இருந்தது. கடிதத்தை அவர் மேஜையிலேயே திருப்பி வைத்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் அறுவைக்கு டிசம்பர் 3 குறித்தார்கள். துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். மகள் கோயம்புத்தூரில், அவள் குழந்தைக்குப் பரீட்சை. அண்ணன் மகனைக் கூப்பிடலாம் என்றிருந்தேன்.

"நான் வாரேன்ணே" என்றார் அவர்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்."

"அன்னிக்கு வகுப்பு இல்ல. வாரேன்."

காலை ஏழே முக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் முப்பத்தாறு பேர். பதிவு மேஜையில் இருந்த பெண் அவரிடம், நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். சகோதரி என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் 'உடன் வேலை பார்ப்பவர்' என்று எழுதச் சொல்லி, அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாமல் ஐந்து நிமிடம் போனது.

பிறகு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். "எப்ப இருந்துங்கய்யா பார்வ மங்கல்? மொத மொத எப்பத் தெரிஞ்சுச்சு?"

அவர் என் இடதுபக்கம் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரை நோய் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அல்லது படிப்பதுபோல இருந்தார்.

நான் யோசித்தேன். ஒரு மாதமாக என்று சொல்லலாம். ஆனால் கண்ணை வெட்டப் போகிறார்கள். டாக்டருக்குத் தப்பான எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. அந்த முகாமை நடத்தியதும் இதே ஆஸ்பத்திரிதான். என் பெயர் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கலாம். இருக்காமலும் போகலாம். பின்னால் முப்பத்தெட்டாவது ஆள் இருமினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, முகாம்ல சொன்னாங்கம்மா" என்றேன். "வரல."

"ஏங்கய்யா வரல?"

"வேல இருந்துச்சு."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் அறிவிப்பிலிருந்து தலையைத் திருப்பவில்லை. கீழ்வரிவரை படித்து முடித்துவிட்டு, "காபி குடிக்கலாமா, வெறும் வயித்துல இருக்கணுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோதும் வந்திருந்தார். கண்ணைத் திறந்ததும் செவிலியர்களின் சேலை, வாளி, ஜன்னல் திரை, எல்லாவற்றிலும் யாரோ நீலச் சாயத்தைக் கொட்டியது போல இருந்தது. கண்ணீர் வந்தது, மருந்தால் என்றார்கள்.

"என்னண்ணே தெரியுது?"

"உங்க சேலைக் கரை நீலம் மேடம். நான் கறுப்புன்னே நெனச்சிருந்தேன்."

"எத்தன நாளா கறுப்பு?"

"இந்தச் சேலய எப்ப வாங்குனீங்க?"

"போன வருசம் தீபாவளிக்கு."

"அப்பருந்து கறுப்புதான்."

அவர் தலையை ஆட்டினார். அதையும் மனதில் குறித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆட்டோவில் திரும்பினோம். காளவாசல் தாண்டும்போது, "சொட்டு மருந்து ஒரு நாளைக்கு எத்தன தடவ சொன்னாங்க?" என்றார். ஆறு என்றேன். சீட்டை வாங்கிப் பார்த்தார். ஆறுதான்.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை, அவர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பத்திரிகைக்கு எழுதிய இரண்டாவது கடிதம் இருந்தது. "முதல் கடிதத்தில் ஒரு தவறு" என்று தொடங்கியது. எண்ணியவருக்குத் தன் கண்ணின் குறை இரண்டு வருஷமாகத் தெரிந்திருந்தது. அதை விசாரிக்காமல் எழுதியது தன் பிழை என்றிருந்தது. அவ்வளவுதான். என் பெயர் இல்லை, திட்டும் இல்லை. அதன் நகல் பதிவாளருக்கும் போகிறது என்று கீழே இருந்தது. அது போனால் என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"படிச்சுப் பாருங்கண்ணே. தப்பு இருந்தாச் சொல்லுங்க."

புதுக் கண்ணால் இரண்டு முறை படித்தேன். எழுத்து அம்புட்டு சுத்தமாகத் தெரிந்தது. வேண்டாம் மேடம் என்று சொல்ல வாய் வரை வந்தது. கடைவாயை இறுக்கிக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கண்ணைத் துடைத்தாரா என்பது எனக்குத் தெரியாது; முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"ஒரு தப்பு இருக்கு மேடம்."

"என்ன?"

"ரெண்டு வருசம் இல்ல. முகாம் 2017 டிசம்பர் பத்து. நீங்க கண்டுபுடிச்சது இந்த நவம்பர் பன்னெண்டு. ஒரு வருசம் பதினோரு மாசம் ரெண்டு நாள்."

சட்டைப் பையிலிருந்து முகாம் சீட்டை எடுத்து வைத்தேன். அவர் தேதியைப் பார்த்தார், பேனாவை எடுத்து இரண்டு வருஷத்தை அடித்துவிட்டு, ஒரு வருஷம் பதினோரு மாதம் என்று திருத்தினார். இரண்டு நாளை விட்டுவிட்டார். திருத்திய இடத்தில் நான் சுருக்கொப்பம் போட்டேன். டிசம்பர் 31 மாலை ஐந்தே காலுக்கு எண் பெட்டியை ஒப்படைத்தேன்.

முருகேசனும் வேறு இரண்டு பேரும் மூன்று பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலைத்து மறுபடி எண்ணினார்கள். ஒரு பெட்டி ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்ததால் புது மீன்களை வெட்டி இன்னொரு பெட்டியும் செய்தார்கள். நீலம் எங்கும் விலகிப் போகவில்லை. மாதக் கடைசிவரை அங்கேயே இருந்தது. அவனுடைய பட்டம் பதினாறு மாதம் தாமதம். பேசி வைத்த கல்லூரி வேலை வேறு ஆளுக்குப் போனது. இப்போது வேறு இடத்தில் இருக்கிறான். எதிரே பார்த்தால் சார் என்கிறான்; மாமா என்பதில்லை.

அவர் ஓய்வு பெற்று, தாயாரோடு வெளிமாநிலத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. ஒரே ஒரு கேள்விதான் அவரிடம் கேட்க விட்டுப்போனது. டிசம்பர் 3 காலையில் அவர் எனக்குத் துணைக்கு வந்தாரா, அல்லது அந்தப் பதிவு மேஜையில் நான் என்ன சொல்வேன் என்று கேட்க வந்தாரா? சில நாள் முதலாவது என்று தோன்றும். சில நாள் இரண்டாவது. ஆட்டோவுக்குப் போகவும் வரவும் அவரே கொடுக்க வந்தார், நான் விடவில்லை. சர்க்கரை நோய் அறிவிப்பில் மொத்தம் ஒன்பது வரி. பிறகு ஒரு நாள் போய் எண்ணினேன். ஒன்பது வரி படிக்க அத்தனை நேரம் ஆகாது.

அறுவைக்கும் லென்ஸுக்கும் பதினாறாயிரத்து ஐந்நூறு, சொட்டு மருந்துக்கு ஆயிரத்து இருநூற்று எழுபது, ஆட்டோவுக்கு அறுநூற்று அறுபது, ஜூன் முப்பதுவரை வர வேண்டியிருந்து வராமல் போன ஆறு மாதச் சம்பளம் எழுபத்திரண்டாயிரம். ஆக மொத்தம் தொண்ணூறாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.